விசா செடி

ரிசப்ஷன் மேஜையின் வலது மூலையில் இருந்த ஜேடு செடிக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சங்கமித்ராதான். கெட்ட பெயர் வாங்கியவளும் அவளேதான் என்பதால் அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம், ஜூன் கடைசி. பெங்களூரு ரெசிடென்ஸி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சங்கமித்ரா அங்கே மூன்று வருஷமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே வந்து, மூன்றரை மணிக்குத் திரும்பிப் போவாள். மூன்று வருஷமும் காண்ட்ராக்டர் ஆள்தான். காண்ட்ராக்டர் ஆள் என்றால் என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: காய்ச்சலில் நாலு நாள் படுத்தால், ஐந்தாவது நாள் அவளுடைய மாப்பு வேறொருத்தி கையில் இருக்கும்.

அந்த வருஷம் கம்பெனிக்கு என்ன தோன்றியதோ, நாலு பேரை மட்டும் தன் சொந்த ஆட்களாக எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளத்தோடு லீவு, கழுத்தில் நீல நாடாவோடு அடையாள அட்டை. அட்மின் மேனேஜர் ஜூடித் எழுதிய பட்டியலில் சங்கமித்ராவின் பெயர் இரண்டாவது. செப்டம்பர் முதல் தேதிக்குள் சென்டர் ஹெட் சீனிவாசராகவன் அதில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. சங்கமித்ரா ஆசையை வெளியே காட்டுகிற ரகம் இல்லை. ஆனாலும் வீட்டில் புருஷனிடம் ஒருமுறை, இ.எஸ்.ஐ. வந்தால் உன் முதுகுவலிக்கு நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று வாய்விட்டுவிட்டாள். சொன்ன பிறகு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இப்போது செடிக்கு வருவோம். கம்பெனி திறந்த புதிதில், முதல் கிளையன்ட்டாக வந்த அமெரிக்கக்கார அம்மாள் லால்பாக் மலர்க் கண்காட்சியில் வாங்கி வந்து வைத்தது அது. முழங்கை உயரம். குட்டி மரம் மாதிரி தடித்த தண்டு, அதில் காசு அகலத்துக்குக் கொழுத்த பச்சை இலைகள். அழகான வெள்ளைப் பீங்கான் தொட்டி. ஆபீஸில் எல்லோரும் அதை விசா செடி என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று சங்கமித்ராவுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மீட்டிங் ரூமுக்கெல்லாம் காவேரி, கபினி என்று ஆற்றின் பெயர் வைக்கிறவர்கள், செடிக்கு விசா என்று வைத்தால் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் செடியின் கீழ் இலைகள் மஞ்சளாகி, துணி பட்டாலே உதிர ஆரம்பித்தன. உதிர்ந்ததை எடுத்தால் விரலுக்குள் கொழகொழவென்று நசுங்கியது. மேல் இலைகள் சோர்ந்து தொங்கின. சங்கமித்ரா போய் ஜூடித்தைக் கூட்டிவந்து காட்டினாள். அந்த நேரம் பார்த்து சீனிவாசராகவன் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது பேர் சேர்ந்து எழுதிய புரோகிராமில் ஒற்றைத் தப்பைத் தேடி மூன்று நாள் உட்காருகிற மனிதர் அவர். செடிக்கு மூன்று நொடி போதுமானதாக இருந்தது. இலை தொங்குகிறது, தண்ணீர் போதவில்லை, காலையில் ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில் ஊற்றச் சொல்லுங்கள் என்று ஜூடித்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சங்கமித்ரா பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் நேராகச் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

சொன்னபடி ஊற்றினாள். காலையில் ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில். பத்து நாளில் செடியில் பாதி இலை தரையில் கிடந்தது.

அதே பத்து நாளில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு விசா இன்டர்வியூவுக்குப் போன மூன்று பேர் வரிசையாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செடி வாடியதால்தான் விசா போயிற்று என்று ஆபீஸில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பி.இ., எம்.சி.ஏ. படித்தவர்கள்தான் எல்லோரும். முணுமுணுப்பு மாடி ஏறி சென்டர் ஹெட் காதுக்கும் போயிற்று. அவர் அதையெல்லாம் நம்புகிறவர் இல்லை, ஆனால் எரிச்சல் அவருக்கும் வந்தது.

ஜூடித் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாதவர். சங்கமித்ராவை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஒரு செடியைக் காப்பாத்தத் தெரியாதவங்களை எதுக்கு கம்பெனி ரோல்ல எடுக்கணும்னு சார் கேக்கறார்மா. செடி பொழைச்சா உன் பேர் இருக்கும். இல்லன்னா எடுத்துடச் சொல்லிட்டார்."

ஒருத்தியின் பி.எஃப்.-ஐக் கொண்டுபோய் ஒரு செடியின் தண்டில் கட்டித் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம் என்று ஜூடித்துக்கும் புரியவில்லை. சங்கமித்ராவுக்கு ஆற்றாமையாக இருந்தது. மூன்று வருஷமாக நாலு மாடியையும் பளிங்கு மாதிரி வைத்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை, நாலு இலை விழுந்தது மட்டும் பட்டுவிட்டது. ஆனால் அழுது ஆகப்போவது ஒன்றும் இல்லை. சரி மேடம், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பார்க்கிறேன் என்று சொன்னவள் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தாள். அதுவரை அந்தச் செடிக்கு யாரும் செய்யாத காரியம் அது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கல்லாகக் கனத்தது. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பது போல மண்ணில் அடிவரை குத்தி எடுத்தாள். குச்சி முழுக்கக் கரிய சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தாள். சாக்கடை நாற்றம். தொட்டியைச் சாய்த்து அடியைத் தடவினாள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பீங்கான் தொட்டியில் ஒரு ஓட்டை இல்லை.

அவள் வீட்டு வாசலில் டால்டா டின்னில் கற்பூரவல்லி வளர்த்தாள். போன வருஷம் அடைமழையில் டின் ஓட்டை அடைத்துக்கொண்டு, அந்தக் கற்பூரவல்லியும் இப்படித்தான் இலை மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்து, கூழாகிப் போனது. அதுவும் இதே மாதிரி சதைப்பிடிப்பான இலை. அப்போதும் பார்க்கிறவர்கள் எல்லாம் செடி வாடுகிறது, தண்ணீர் விடு என்றுதான் சொன்னார்கள். இதற்குத் தாகம் இல்லை, வேர் மூழ்கிப் போய் மூச்சு முட்டுகிறது என்று சங்கமித்ராவுக்கு விளங்கிவிட்டது. மூழ்குகிறவன் வாயில் தினம் இரண்டு பாட்டில் ஊற்றியது தானே என்றும் விளங்கியது. அதுதான் அவளை ரொம்பச் சுட்டது.

அன்றிலிருந்து இரண்டு பாட்டிலையும் வாஷ்பேசினில் கொட்டினாள். சென்டர் ஹெட் உத்தரவை மீறுகிற பயத்தில் ஒவ்வொரு தடவையும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரம் பொறுத்து ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தாள். மண் உலரவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட ஈரமாக இருந்தது. மேலே கொஞ்சம் தண்ணீர் தேங்கிக்கூட நின்றது.

அவள் ஊற்றவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ ஊற்றுகிறார்கள். அவள் போன பிறகு ஊற்றுகிறார்கள்.

மறுநாள் மூன்றரைக்கு வீட்டுக்குப் போகாமல், ரிசப்ஷனுக்கு எதிரே இருந்த ஸ்டோர் ரூமில் டிஷ்யூ ரோல்களை எண்ணி அடுக்குகிற சாக்கில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தேகால் மணிக்கு முதல் ஆள் வந்தான். முதுகில் பை, கையில் பிளாஸ்டிக் டம்ளர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டம்ளர் தண்ணீரைச் செடியில் ஊற்றி, ஒரு இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். ஐந்தரைக்கு இரண்டு பேர். அப்புறம் ஒரு பெண். ஆறு மணிக்கு நாலு பேர் சேர்ந்தே வந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி வரிசையில் நின்றார்கள். ஆறேமுக்கால் வரைக்கும் பதினொரு டம்ளர்.

மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை டியூட்டி பார்க்கும் எலக்ட்ரீஷியன் எத்திராஜிடம் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். இத்தனை நாள் உனக்குத் தெரியாதா என்று முழுக் கதையையும் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருண்குமார் என்று ஒருத்தன். இரண்டு தடவை விசா மறுக்கப்பட்டு மூன்றாம் தடவை சென்னைக்குக் கிளம்பியவன், ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடியில் கொட்டிவிட்டு ஓடினான். விசா கிடைத்தது. வழியனுப்பு விருந்தில் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். அவன் வேடிக்கை இங்கே சட்டமாகிவிட்டது. சென்னை மெயில் பிடிக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுத்தான் படியிறங்குவது. அப்போது மாதம் இரண்டு பேர் போனார்கள், செடியும் தாங்கியது. இப்போது அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புவதே கம்பெனியின் முழுநேர வேலையாகி, வாரத்துக்கு ஐம்பது டம்ளர் விழுகிறது. மூன்று பேருக்கு விசா மறுத்ததும் பயந்துபோய், போகிறவர்களோடு அடுத்த வாரம் போக வேண்டியவர்களும் இப்போதே ஊற்றி வைக்கிறார்கள்.

செடி அழுகுவதால் இன்னும் ஊற்றுகிறார்கள், ஊற்றுவதால் இன்னும் அழுகுகிறது. சங்கமித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது லிஃப்ட் திறந்தது. சீனிவாசராகவன் தனியாக வந்தார். ரிசப்ஷனில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியைத் திருகி, மிச்சமிருந்த வெந்நீரை நிதானமாகச் செடியில் கவிழ்த்தார். அடுத்த வாரம் ஆறு வாரப் பயணமாக அவரும் அமெரிக்கா போகிறார் என்று சங்கமித்ராவுக்குத் தெரியும். ஒன்றையும் நம்பாதவர் போகிற போக்கில் ஒரு கை ஊற்றி வைக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவர்தானே என் பெயரை எடுக்கச் சொன்னவர் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவர் விமானம் ஏறிய மறுநாள் காலை, ஏழரை மணிக்கே ஜூடித்தை வரவழைத்தாள். ஸ்டோர் ரூம் தரையில் பேப்பர் விரித்து, தொட்டியைக் கவிழ்த்தாள். கொட்டியது மண் இல்லை, கரிய கூழ். வேர் என்று ஒன்றும் இல்லை, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. தண்டின் அடிப்பாகம் அழுகிய வாழைப்பழமாக அமுங்கியது. ஜூடித் கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு, முடிந்தது என்றார்.

சங்கமித்ரா வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்கறிக் கத்தியை அடுப்பில் வாட்டித் துடைத்து வைத்திருந்தாள். அழுகலுக்கு மேலே ஒரு வெட்டு வெட்டினாள். வெட்டுவாய் நடுவில் பழுப்பாக இருந்தது. இன்னும் ஒரு விரல்கடை மேலே வெட்டினாள். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி மட்டும். அதற்கு மேல் வெட்டினால் செடி என்று சொல்ல மிச்சம் இருக்குமா என்று பயம். கத்தி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது வெட்டைச் சாய்வாக வெட்டினாள். வெட்டுவாய் சுத்தமான இளம்பச்சையாக, கறையே இல்லாமல் இருந்தது. கையில் மிஞ்சியது ஒரு சாண் உயரம், இரண்டு கிளை, ஒன்பது இலை.

இதை ஈரம் படாமல் ஒரு வாரம் வெறுமனே போட்டு வைக்க வேண்டும் என்றாள். கற்பூரவல்லியை அப்படியே ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், ஆனால் இத்தனை தடித்த தண்டின் காயம் ஆறாமல் மண்ணில் போனால் மறுபடி அழுகும் என்று அவளுக்குத் தோன்றியது. ஜூடித்துக்கு நம்பிக்கை வரவில்லை. வேரும் இல்லை, மண்ணும் இல்லை, தண்ணீரும் கிடையாது என்றால் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார். ஆனால் வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரு அறிவிப்பை அடித்து, செடி இருந்த இடத்தில் ஒட்டினார்: செடி மெயின்டனன்ஸில் உள்ளது. சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புரிகிற ஒரே வார்த்தை அதுதான்.

வெளியே ஜூலைத் தூறல் நிற்காமல் பெய்தது. மொட்டை மாடி ஆகாது. எத்திராஜிடம் சொல்லி யு.பி.எஸ். ரூமைத் திறந்தாள். பேட்டரி அலமாரிகளுக்கு எதிர்ச்சுவரில், ஜன்னலோரம் எப்போதும் இளஞ்சூடாகக் காற்று ஓடும். அங்கே பழைய பேப்பரை விரித்து, ஒன்பது இலைச் செடியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். தினமும் வந்ததும் முதல் வேலையாக வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிசுபிசுப்பு போனது. ஐந்தாம் நாள் பொருக்குக் கட்டியது.

ஆறாம் நாள் அங்கே தர்ஷினி வந்து நின்றாள். டெஸ்டிங் டீமில் வேலை பார்க்கும் ஈரோட்டுப் பெண். கல்யாணமாகி நாலு மாதம், புருஷன் டல்லாஸில், ஏற்கெனவே ஒருமுறை விசா மறுத்துவிட்டார்கள். அன்று இரவு சென்னை மெயில். கையில் டம்ளர் நிறையத் தண்ணீர். எத்திராஜிடம் கெஞ்சி இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள். வேரில்லாமல் பேப்பரில் கிடந்த செடியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு சொட்டு போதுங்க்கா, சாஸ்திரத்துக்கு," என்றாள்.

சங்கமித்ராவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கையை நீட்டிச் செடியை மறைத்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டு, ஒரு சொட்டுன்னுதான்மா எல்லாரும் ஊத்தினாங்க. வெட்டின புண்ணு இப்பதான் ஆறுது. உனக்கு விசா வேணும். எனக்கு பர்மனென்ட் வேணும். ரெண்டு பேர் ஆசையையும் இது தலையில ஊத்தினா இது எங்க போகும், சொல்லு."

தர்ஷினி டம்ளர் தண்ணீரைத் தானே மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வரேங்க்கா என்று போய்விட்டாள். அவள் போன பிறகு சங்கமித்ராவுக்குத் திக்கென்றது. அந்தப் பெண்ணுக்கு விசா கிடைக்காவிட்டால் அந்தப் பாவமும் இனி தன் கணக்கில்தான் என்று தோன்றியது.

மறுநாள் பதினோரு மணிக்கு ரிசப்ஷனுக்கு போன் வந்தது. தர்ஷினிக்கு விசா கிடைத்துவிட்டது. ஒரு சொட்டு ஊற்றாமல் கிடைத்துவிட்டது.

சாஃப்ட்வேர்க்காரர்கள் மூளை சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் புதுச் சட்டம் தயாராகிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து. ஊற்றிய மூன்று பேருக்குப் போயிற்று, ஊற்றாதவளுக்குக் கிடைத்தது. அதன் பிறகு யாராவது டம்ளரோடு ரிசப்ஷன் பக்கம் நடந்தாலே நாலு பேர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். சங்கமித்ரா ஒரு மாதம் காவல் காத்தாலும் முடியாத காரியம் ஒரு போனில் முடிந்தது.

குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி ஒன்று வாங்கினாள். பக்கத்து மனையில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஆற்று மணலும் செங்கல் தூளும் கேட்டு வாங்கி, செம்மண்ணைப் பெயருக்குக் கலந்து, காய்ந்த தண்டை நட்டாள். நட்ட பிறகும் எட்டு நாள் தண்ணீர் காட்டவில்லை. இலைகள் சுருங்கி, மெலிந்து, ரேகை விழுந்தன. ஜூடித் தினம் வந்து பார்த்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சங்கமித்ரா மட்டும் சுருங்கிய இலையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். கூழாகவில்லை, தோல் மாதிரி வளைந்தது. இதுதான் நிஜமான தாகம் என்று அவளுக்குப் புரிந்தது. அன்று முதல்முதலாக ஒரு கால் டம்ளர் விட்டாள், தொட்டியின் ஓட்டை வழியாக மிச்சம் கீழே சொட்டுகிற வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு மறுபடி பத்து நாள் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி மத்தியானம். தண்டை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல மேலே இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். உள்ளே ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்றது. சங்கமித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்திராஜ் பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டான். வேர் விட்டுடுச்சு என்று சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு பிள்ளை பெற்றபோதுகூட இப்படி அழுததில்லை என்று பிறகு அவளே சொல்லிச் சிரித்தாள்.

மாதக் கடைசியில் செடி ரிசப்ஷனுக்குத் திரும்பியது. சுருங்கிய இலைகள் பூரித்து, இரண்டு கிளை நுனியிலும் புது ஜோடி இலை நெல்மணி அளவுக்கு எட்டிப் பார்த்தது. முப்பத்தோராம் தேதி சீனிவாசராகவன் திரும்பி வந்தார். செடியைப் பார்த்தார். இந்த முறையும் மூன்று நொடிதான். நேராக மேலே போய் ஜூடித்தைக் கூப்பிட்டு, அந்தச் செடி செத்துவிட்டது, நர்சரியில் சின்னதாக ஒன்று வாங்கி வைத்து ஏமாற்றப் பார்க்கிறாள், பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடுங்கள் என்றார். ஜூடித் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் காதில் ஏறவில்லை.

ஜூடித் கலங்கிய கண்ணோடு இறங்கி வந்து சொன்னதைக் கேட்டு, சங்கமித்ராவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கையில் செடியையும் மறு கையில் ஒரு பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில் துடைக்க மட்டுமே நுழைந்த அறைக்குள் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தாள்.

காண்ட்ராக்டர் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கப் உடைந்தாலும் கண்ணாடி உடைந்தாலும், உடைந்த துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருடிவிட்டாள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சங்கமித்ரா செடியிலிருந்து வெட்டியதையும் எறியாமல் காயவைத்து வைத்திருந்தாள். மேஜைமேல் பேப்பர் விரித்து, கவரிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். கரியாகச் சுருண்ட அடித்தண்டு. பழுப்பு வட்டம் விழுந்த ஒரு வில்லை. ஒற்றைப் புள்ளி விழுந்த இன்னொரு வில்லை. பிறகு மண்தொட்டியைச் சாய்த்து, பின்னால் நின்ற ஜூடித் வேண்டாம் வேண்டாம் என்று முனகுவதைக் கேட்டும் கேட்காமல், செடியை அப்படியே வெளியே எடுத்தாள். மணல் சரசரவென்று உதிர்ந்தது. கத்தி சாய்வாகப் போன அதே முட்டை வடிவத்தில் ஆறிப்போன வெட்டுவாய். அதன் விளிம்பு முழுக்க வெள்ளை வெளேரென்று புது வேர்கள்.

சீனிவாசராகவன் கடைசி வில்லையை எடுத்தார். காய்ந்து கொஞ்சம் சுருங்கியிருந்தாலும், வெட்டுவாயின் அருகே பிடித்தபோது அதே வடிவம், அதே சாய்வு. வெகு நேரம் பார்த்தார். தப்பைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் மாறும் என்பார்கள், அது அப்போது மாறியது. யார் இவ்வளவு தண்ணீர் ஊற்றியது என்று, முதல்முறையாக அவளையே பார்த்துக் கேட்டார்.

"எல்லாரும் ஊத்தினோம் சார். நான் தினம் ரெண்டு பாட்டில். சாயங்காலம் விசாவுக்குப் போறவங்க ஆளுக்கு ஒரு டம்ளர்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஃப்ளாஸ்க்குல மிஞ்சின வெந்நீரும் கொஞ்சம் விழுந்துச்சு."

சீனிவாசராகவன் மேஜைமேல் இருந்த தன் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். காதுமடல் சிவந்தது. பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா நின்றது. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசியிருப்பார்.

"சரிம்மா. இனிமே இது உங்க பொறுப்பு. தினமும் தண்ணி ஊத்திடுங்க, என்ன?"

ஜூடித் கண்ணை மூடிக்கொண்டார். சரி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேனா இறங்கிவிடும். சங்கமித்ரா வேரில் ஒட்டியிருந்த மணலை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"மாட்டேன் சார். நீங்க சொன்னாலும் ஊத்த மாட்டேன்."

சீனிவாசராகவன் கையெழுத்துப் போட்டார்.